அறுபத்தைந்தாவது ஃபோல்டர்

அத்தியாயம் 9

"என் மச்சினிதான் பண்ணினா. அதை நிரூபிச்சுக் குடுங்க. உங்க வேலை அவ்வளவுதான்."

கதவைத் திறந்ததும் ஏசி மெக்கானிக் சொன்ன முதல் வார்த்தை இதுதான். 'வாங்க' என்றுகூடச் சொல்லவில்லை. ஐம்பத்து நாலு வயது மனிதர். சட்டையின் மூன்றாவது பொத்தான் இரண்டாவது ஓட்டையில் மாட்டியிருந்தது. மனைவி இறந்து நாலு மாதம் ஆன வீடு என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டீச்சர் தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போனார். பதினாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். வேலையை விட்டுத் துப்பறிய வந்த பிறகும் அந்தப் பட்டப்பெயர் அவரை விடவில்லை. பின்னாலேயே உதவியாளர் ரேடியோ. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. இரண்டு நிமிஷம் கூட இருந்தாலே தெரிந்துவிடும்.

"சார், கொலைக் கேஸ்ல கூட முதல்ல தண்ணி குடுப்பாங்க" என்றான் ரேடியோ.

"ரேடியோ!"

"வால்யூம் கம்மி பண்ணிட்டேன் டீச்சர்."

பின்னறைக்குக் கூட்டிப் போனார் மெக்கானிக். மேஜை மேல் மூன்று திரைகள் வரிசையாக நின்றன. கீழே இரண்டு மிதிகள், நடுவில் விமானத்தில் இருப்பது போல ஒரு பிடி. பழைய காரிலிருந்து எடுத்த இருக்கையை இரும்புச் சட்டத்தில் பற்றவைத்துப் பொருத்தியிருந்தார்கள். வெல்டிங் சுத்தமாக இருந்தது.

"நீங்க செஞ்சதா?" என்று டீச்சர் கேட்டார்.

"அவளுக்கு முதுகுவலி. சாதா நாற்காலி ஒத்துக்கல." மெக்கானிக் இருக்கையைத் தொடாமல் தள்ளியே நின்றார். "அவ விமானத்துல ஏறினதே இல்லைங்க. ஆனா ஊருக்கு வெளிய ஒரு சின்ன விமானத் திடல் இருந்துச்சு, அதுல வேலை பாத்தா. எந்த விமானம் எத்தனை மணிக்கு வந்துச்சு, போச்சுன்னு நோட்டுல எழுதுற வேலை. என்னைப் பாத்ததே அங்கதான். திடலை மூடினப்புறம் பத்து வருஷம் சும்மா இருந்தா. அப்புறம்தான் இந்த சிமுலேட்டர். கம்ப்யூட்டர்லயே நிஜம் மாதிரி விமானம் ஓட்டுறது. மூடிப்போன அந்தத் திடலை இதுக்குள்ள அவளே கட்டினா. ரெண்டு வருஷம். என்னைப் பாக்க விடல. முடிஞ்சப்புறம் காட்டுறேன்னா."

"காட்டினாங்களா?"

"அதுக்குள்ள உடம்பு முடியாமப் போச்சு."

மேஜையிலிருந்து நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். குண்டு குண்டான எழுத்து. 'அவருக்கு. பறப்பைச் சேமித்து வைத்திருக்கிறேன். திறந்தால் விமானம் ஆகாயத்திலேயே இருக்கும். நம்ம திடலில் இறக்கினால் போதும். பயப்படாமல் ஓட்டவும்.'

"காரியமெல்லாம் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சுத் திறந்தேன். ஆகாயம் வந்துச்சு, ஆறு வந்துச்சு. திடல் கண்ணுக்குத் தெரியப் போற நேரம் பாத்து எல்லாம் நின்னு மூடிக்குச்சு. நின்னுக்கிட்டே பதினோரு தடவை ஓட்டிப் பாத்துட்டேன். அதே இடத்துல செத்துப்போவுது. ரிப்பேர்க் கடைக்காரன் சொன்னான், யாரோ கைவெச்சிருக்காங்கன்னு. சின்னவ, அதான் என் மச்சினி, அக்காவை எடுத்துட்டுப் போன மறுநாள் இந்த அறையில தனியா ஒரு மணி நேரம் உக்காந்திருந்தா. கேட்டா, சும்மா உக்காந்திருந்தேன் மாமாங்கிறா. இனிமே என் வாசல்படி மிதிக்காதேன்னு போன்ல சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன்."

"எதுக்கு அவங்க அப்படிப் பண்ணணும்?"

"எங்க கல்யாணம் அவளுக்குப் பிடிக்கல. இருபத்தேழு வருஷமா மனசுல வெச்சிருக்கா."

"இருபத்தேழு வருஷம் வெச்சிருந்து, கம்ப்யூட்டர் மேலயா காட்டுவாங்க?" ரேடியோ வாயைத் திறந்தான். "எங்க மச்சினனா இருந்தா அன்னிக்கே என்..."

டீச்சர் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிக்கொண்டான்.

டீச்சர் கம்ப்யூட்டரைத் திறந்தார். இந்த மாதிரி சிமுலேட்டரில் விருப்பப்பட்டதை எல்லாம் மேலே மேலே சேர்த்துக்கொள்ளலாம். புது விமானம், ஒரு நகரத்தின் கட்டடங்கள், மழை மேகம் என்று ஆளாளுக்குச் செய்து விற்பார்கள், சும்மாவும் தருவார்கள். ஆட்-ஆன் என்று பெயர். ஒவ்வொன்றும் ஒரு ஃபோல்டராக ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"எத்தனை இருக்கு, எண்ணுங்க."

ரேடியோ விரலை வைத்து எண்ணினான். "அறுபத்தஞ்சு. அம்மாடி, கூட்டுக் குடும்பம்! இதுல எவன் தப்புப் பண்ணினான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"குடும்பத்துல சண்டை வந்தா என்ன பண்ணுவாங்க?"

"பாகம் பிரிப்பாங்க."

"அதையே பண்ணுவோம்."

முப்பத்து மூன்று ஃபோல்டர்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு, மீதி முப்பத்திரண்டோடு பறப்பைத் திறந்தார். சிமுலேட்டர் தயாராக நாலு நிமிஷம் ஆனது. மெக்கானிக் சுவரில் சாய்ந்தபடி கையைப் பிசைந்துகொண்டிருந்தார். ஆகாயம் வந்தது, ஆறு வந்தது. ஆற்றைத் தாண்டியும் திரை அணையவில்லை. தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஓடுபாதை கோடாகத் தெரிய ஆரம்பித்தது.

"வந்துடுச்சு!" மெக்கானிக் முன்னால் பாய்ந்தார்.

"கொஞ்சம் இருங்க." டீச்சர் இரக்கமில்லாமல் மூடினார். "அப்போ குற்றவாளி வெளியில நிக்கிற முப்பத்து மூணுல ஒருத்தர். இவங்களை வெளிய அனுப்பி, அவங்களை உள்ள கூப்பிடுவோம்."

மறுபடி நாலு நிமிஷம். ஆகாயம், ஆறு. அதன் பிறகு பச்சைப் புல்வெளி. திரை இந்த முறையும் அணையவில்லை.

ரேடியோ தலையைச் சொறிந்தான். "இந்தப் பாதியும் யோக்கியம், அந்தப் பாதியும் யோக்கியம். எல்லாரும் ஒண்ணா உக்காந்தா மட்டும் வீடு எரியுதா? என்ன டீச்சர் இது, எங்க பெரியப்பா வீட்டுக் கல்யாணம் மாதிரி இருக்கு!"

டீச்சர் அவனைத் திரும்பிப் பார்த்தார். இந்த முறை அதட்டுவதற்காக இல்லை.

"சரியாச் சொன்னீங்க. இது ஒருத்தர் பண்ணின வேலையில்லை. ரெண்டு பேர். தனித்தனியா ரெண்டும் நல்லதுதான். ஒண்ணு இந்தப் பாதியில இருக்கு, இன்னொண்ணு அந்தப் பாதியில. சேந்தாத்தான் ஆபத்து."

அதற்கப்புறம் ஒன்றே கால் மணி நேரம் அதே வேலைதான். பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி. பன்னிரண்டு முறை போட்டு எடுத்த பிறகு இரண்டே இரண்டு ஃபோல்டர்கள் மிஞ்சின. ஒன்றின் பெயர் 'நம்ம திடல்'. இன்னொன்று கடையில் விற்கும் ஒரு தொகுப்பு. சிறிய விமானத் திடல்கள் நாற்பது, இன்றைக்கு இருக்கிறபடியே. அந்த நாற்பதில் இவர்களுடைய திடலும் இருந்தது.

"ஒரே இடத்துல ரெண்டு திடல்" என்றார் டீச்சர். "ரெண்டும் இது என் இடம்னு நிக்குது. பக்கத்துல வந்ததும் எதைக் காட்டுறதுன்னு தெரியாம எல்லாம் விழுந்துடுது."

மெக்கானிக்கின் முகம் இறுகியது. "அப்போ அந்தத் தொகுப்பைக் கொண்டுவந்து போட்டது சின்னவ."

டீச்சர் நீல நோட்டைப் புரட்டினார். விமானங்களின் வரவு போக்கை எழுதிப் பழகிய இறந்துபோனவர், வீட்டிலும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. வரிசை எண், ஆட்-ஆன் பெயர், யார் தந்தது, சேர்த்த தேதி, ஓடுகிறதா நிறுத்தமா என்று கட்டம் கட்டி எழுதியிருந்தார்.

"நாற்பத்தொண்ணு. நம்ம திடல். யார் தந்தது? 'நானே.' இப்போ நிலைமை? 'நிறுத்தம்.'" டீச்சர் நிமிர்ந்தார். "தன்னோட திடலை அவங்களே நிறுத்தி வெச்சிருக்காங்க. ஃபோல்டர் பேருக்குப் பின்னாடி ரெண்டு மூணு எழுத்து ஒட்டுப் போட்டா சிமுலேட்டர் அதைக் கண்டுக்காது. ஆனா இப்போ அந்த ஒட்டு இல்லை. அவங்க எழுதினதுக்கு அப்புறம் யாரோ எடுத்திருக்காங்க. உங்களுக்கு எடுக்கத் தெரியுமா?"

"எனக்கு இதை அணைக்கக்கூட ஒழுங்காத் தெரியாது."

"அப்போ, அவங்க போனப்புறம் இங்க தனியா உக்காந்திருந்தது ஒருத்தர்தான். உங்க சந்தேகம் சரி. உங்க மச்சினிதான்."

மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "பாத்தீங்களா? நான் சொன்னேன்ல? இப்பவே..."

"உக்காருங்க."

பதினாறு வருஷம் வகுப்பை அடக்கிய குரல். மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அது பாதிதான். அந்தத் தொகுப்பு, நோட்டுல அறுபத்து நாலாவது. தேதி பன்னிரண்டு. உங்க மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து எப்போ வீட்டுக்கு வந்தாங்க?"

"பதினொண்ணு சாயங்காலம். அதுக்கப்புறம் நாப்பது நாள் வீட்ல இருந்தா."

"வந்த மறுநாளே இதை எழுதியிருக்காங்க. மத்த அறுபத்து மூணுக்கும் 'யார் தந்தது'ன்னு எழுதினவங்க, இதுக்கு மட்டும் அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுட்டாங்க. ஏன்?"



"டீச்சர்," என்றான் ரேடியோ, "நோட்டுல அறுபத்து நாலுதானே? நான் அறுபத்தஞ்சு எண்ணினேன். பள்ளிக்கூடத்துல கணக்குல கோட்டை விட்டிருக்கேன், ஆனா இது விரல் வெச்சு எண்ணினது."

"நானும் அதைத்தான் பாத்துட்டு இருக்கேன்."

நோட்டில் இல்லாத அந்த ஒரு ஃபோல்டரை டீச்சர் திறந்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் கூடு.

"புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ற தப்பு இது. வாங்கினதைப் பிரிச்சு, வெளிக் கூட்டோட அப்படியே தூக்கிப் போட்டுடுவாங்க. சரக்கு உள்கூட்டுல இருக்கும். சிமுலேட்டர் கதவைத் திறந்து வெளி அறையை மட்டும் எட்டிப் பாக்கும், ஒண்ணுமில்லைன்னு போயிடும். போட்டவங்க, சரி, வேலை செய்யலன்னு விட்டுடுவாங்க. அப்புறம் விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் வந்து உள்கூட்டை வெளிய எடுத்து வெச்சா அது உயிர் பிடிச்சுக்கும். இங்க நடந்தது அதுதான். வீட்டுக்கு வந்த மறுநாள் உங்க மனைவி அதைச் சரியா எடுத்து வெச்சிருக்காங்க. ஆனா இவ்வளவு சுத்தக்காரங்க, காலிக் கூட்டை மட்டும் அழிக்காம விட்டிருக்காங்க. காரணம் அதோட பேரு."

திரையை மெக்கானிக் பக்கம் திருப்பினார். ஃபோல்டரின் பெயர் ஒரே ஒரு சொல்.

'அவளுக்கு'.

"தங்கச்சியா இருந்தா 'அக்காவுக்கு'ன்னு எழுதியிருப்பாங்க. சிநேகிதின்னா பேரை எழுதியிருப்பாங்க. ஆஸ்பத்திரியில ராத்திரி துணைக்கு யார் இருந்தாங்க?"

"சின்னவ." குரல் எங்கிருந்தோ வந்தது.

"வீட்ல?"

மெக்கானிக் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த நாப்பது திடல் பேரையும் படிச்சுப் பாத்தேன். நம்ம திடல் பேரும் இருந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் பாத்து சந்தோஷப்படுவான்னு வாங்கினேன். கடைக்காரப் பையன் போன்ல சொன்ன மாதிரியே போட்டேன். ஒண்ணுமே மாறல. அது அப்பவே வீணாப் போச்சு, இப்போ ஓடுறது வேற யாரோ போட்டதுன்னுதான் நினைச்சேன். ஊர்ல இருக்கிற ஏசியெல்லாம் கழட்டி மாட்டுறவனுக்கு இதுகூடப் பண்ணத் தெரியலயேன்னு வெட்கமாப் போச்சு. அவகிட்ட சொல்லவே இல்லை. அவளும் ஒரு வார்த்தை..."



"அவங்க கண்டுபிடிச்சுட்டாங்க" என்றார் டீச்சர் மெதுவாக. "சரியாப் போட்டாங்க. போட்டதும் தன்னோட திடலோட இடிக்குதுன்னு தெரிஞ்சிருக்கும். ரெண்டுல ஒண்ணைத்தான் வெச்சுக்க முடியும். ரெண்டு வருஷம் கட்டினதை நிறுத்திட்டு, நீங்க வாங்கினதை ஓட விட்டாங்க. உங்ககிட்ட சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

"என்னோடதைத் தூக்கி எறிஞ்சிருப்பேன்."

"அதான் சொல்லல. யார் தந்தான்னு எழுதினா என்னிக்காவது நீங்க நோட்டைப் பாத்துடுவீங்கன்னு கட்டத்தையும் காலியா விட்டாங்க."

ரேடியோ ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணாடி போடுகிற ஆளே இல்லை. துடைத்தது ஜன்னல் கண்ணாடியை.

மெக்கானிக் போனைக் காதில் வைத்தார். "சின்னவளே... நான்தான். வர முடியுமா? இல்லை, ஒண்ணுமில்லை. வாம்மா."

அரை மணி நேரத்தில் அவள் வந்துவிட்டாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கடைச் சீருடைச் சேலையைக்கூட மாற்றவில்லை. நாற்பது வயது இருக்கும். வாசலுக்கு வெளியே நின்றபடி, "இங்கயே நிக்கவா? மிதிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க" என்றாள்.

"உள்ள வா."

"எதுக்கு? அந்த அறையில இன்னும் என்ன திருடினேன்னு கேக்கவா மாமா? அக்கா போய் நாலு மாசத்துல ஒரு தடவை சாப்பிட்டியான்னு கேட்டீங்களா? ஸ்டேஷனுக்குப் போறேன்னீங்க."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். டீச்சர்தான் முன்னால் வந்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்தபோது சின்னவள் அறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆஸ்பத்திரிக் கட்டில்ல கூட அக்கா அதைப் பத்தியேதான் பேசுவா. இன்னும் ஜன்னல் ஒண்ணு பாக்கி, மரம் ரெண்டு பாக்கின்னு. இங்க வந்து பாத்தா நிறுத்தி வெச்சிருந்தா. வலியில மனசு விட்டுப்போய் நிறுத்திட்டாபோலன்னு நினைச்சேன். எனக்குத் தாங்கல. அவ கத்துக்குடுத்த மாதிரியே ஒட்டை எடுத்துட்டேன். மாமா திறந்தா தெரியட்டும்னு." அவள் உதடு கோணியது. "நான்தான் கெடுத்தேனா?"

"யாரும் கெடுக்கலம்மா" என்றார் மெக்கானிக். "மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமப் பண்ணிட்டோம்."

டீச்சர் விசைப்பலகையில் கையை வைத்தார். "ஒண்ணை நிறுத்தினாத்தான் இன்னொண்ணு ஓடும். எதுன்னு நீங்க சொல்லணும்."

"அக்கா எதை நிறுத்தினாளோ அதையே நிறுத்துங்க" என்றாள் சின்னவள். "பறப்பை அவ சேமிச்சது மாமா வாங்கின திடல்ல இறங்கத்தான். அவ இஷ்டம் அது."

"வேண்டாம்." மெக்கானிக் தலையை ஆட்டினார். "நான் வாங்கினதை அவ நாப்பது நாள் பாத்துட்டா. அவ கட்டினதை நான் ஒரு தடவைகூடப் பாக்கல. என்னோடதை நிறுத்திடுங்க."

முதல் முறையாக அந்த இருக்கையில் உட்கார்ந்தார். சின்னவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஆகாயம் வந்தது. ஆறு வந்தது. ஆற்றைத் தாண்டியதும் மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

திடல் வந்தது.

மஞ்சள் பூசிய ஒற்றை மாடிக் கட்டடம். காற்றின் திசை காட்டும் துணிக் குழல் ஆடியது. ஓடுபாதையின் விரிசல்களில்கூடப் புல் முளைத்திருந்தது. கட்டடத்தின் இடது கோடியில் ஒரு ஜன்னல், அதில் பழைய பெட்டி ஏசி. அதன் கீழே தரையில் ஒரு சிவப்பு வாளி.

"வாளி!" மெக்கானிக் சிரித்தார், அழுதார், எது என்று சொல்ல முடியவில்லை. "அந்த ஏசி ஒழுகுதுன்னுதான் என்னைக் கூப்பிட்டாங்க. வெளிய வாளி வெச்சும் அவ மேஜை மேல சொட்டிக்கிட்டே இருந்துச்சு. மூணு தடவை வந்தும் சரியாகல. வேணும்னேதான் சரி பண்ணல. அது அவளுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது..."

"மாமா, மூக்கைத் தூக்குங்க! பாதையை விட்டுட்டீங்க!"

விமானம் ஓடுபாதையைத் தாண்டிக் கூரைக்கு மேலே உறுமிக்கொண்டு போனது.

"போச்சே" என்றார் அவர் பதறி. "தப்பு விட்டுட்டேன். எரிபொருள் இருக்கா? தீந்துடுமா?"

டீச்சர் குனிந்து முள்ளைப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை பார்த்தார். "இங்கிருந்து இறங்க பத்து நிமிஷம் போதும். ஆனா ரெண்டு டேங்கும் முழுசா நிரப்பி வெச்சிருக்காங்க. அஞ்சு மணி நேரம் தாங்கும்."

"பத்து நிமிஷத்துக்கு எதுக்கு அஞ்சு மணி நேரம்?" என்றான் ரேடியோ. கேட்டுவிட்டு, பதில் தானாகவே வந்துவிட்டது போல, சுவர்ப் பக்கம் நகர்ந்துகொண்டான்.

இரண்டாவது முறையும் தவறியது. மூன்றாவது முறை மெக்கானிக்கின் கை நிதானத்துக்கு வந்திருந்தது. பாதை நேராக நின்றது. வேகம் சரியாக இருந்தது. சக்கரம் தரையைத் தொட ஒரு ஆள் உயரம்தான் பாக்கி. சின்னவள், "அப்படியே விடுங்க, அப்படியே..." என்றாள்.

அவர் பிடியை மெல்லத் தன் பக்கம் இழுத்தார். விமானம் மேலே ஏறியது.

"என்ன மாமா? அழகா வந்துச்சே. இறக்கியிருக்கலாமே?"

"இறக்கிட்டா முடிஞ்சிடும்" என்றார் அவர்.

ஜன்னலும் ஏசியும் வாளியும் இடது இறக்கைக்குக் கீழே நழுவிப் பின்னால் போயின. சின்னவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"சரி. இடது பக்கம் திருப்புங்க. மெதுவா. இன்னொரு சுத்து போவோம்."